சிவப்பு வயர்

"மறுபடியும் எரியல, யோகா!"

கதவைத் திறந்ததும் ரூபேந்திரன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். இரவு ஷிப்ட் முடிந்து வந்த யோகேஸ்வரி இன்னும் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"நேத்து காலையில நல்லாத்தானே எரிஞ்சுது?"

"எரிஞ்சுது லா. சாயங்காலம் வேலை விட்டு வந்து மூடியைத் திறக்குறேன், ஒண்ணுமே இல்ல."

"கையில வெச்சு ஆட்டியிருப்பீங்க."

"அலமாக்! என் மேலயே பழியைப் போடு."

மணி ஏழு நாற்பது. பேக்டரி பஸ் அவளை ஸ்கூடாய் அடுக்குமாடி வாசலில் இறக்கிவிடும் நேரம். எட்டேகாலுக்கு அவன் லாரி உதிரிபாகக் கடைக்குக் கிளம்ப வேண்டும். மாலையில் அவன் திரும்பும்போது அவளுடைய பஸ் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ஓவர்டைம். இரண்டு வருடமாக இதுதான் குடித்தனம். பகல் ஷிப்ட் கேட்டு அவள் மூன்று கடிதம் கொடுத்துவிட்டாள். மூன்றுக்கும் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்ற ஒரே பதில்தான் வந்தது.

மேசைமேல் இருந்தது ஒரு காலத்தில் பிஸ்கட் டின். இப்போது பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கல்யாணமான வருடம் இருவரும் ஜொகூர் பாருவில் ஒரு விண்வெளிப் படம் பார்த்தார்கள். அதில் விண்கலத் தலைவன் கையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் பன்னிரண்டு நீல விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து வட்டம் போடும். வட்டம் முடிந்ததும் பூமியிலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். பேச்சு எதுவும் கிடையாது. அந்த ஒரு சத்தத்துக்காக அந்தத் தலைவன் படம் முழுக்கக் காத்திருப்பான்.

அந்தப் பெட்டியை, விளக்கும் சத்தமும் நிஜமாகவே வருகிற மாதிரி செய்துகொண்டிருந்தான் ரூபேந்திரன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தின் ரசிகர்கள் கூடுகிறார்கள். அங்கே வைக்க வேண்டும். இன்னும் இரண்டே நாள்.

யோகேஸ்வரி கை கழுவி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். வயர் ஒட்டும் சால்டரிங் அயர்ன் ஏற்கெனவே சூடாகி இருந்தது.

"அந்த லைட்டை இப்படித் திருப்புங்க. ரொட்டி சானாய் வாங்கினீங்களா?"

"வாங்கினேன். சூடா இருக்கு. சாப்பிடு."

"எப்படிச் சாப்பிட? ரெண்டு கையும் வேலையா இருக்கே."

அவன் ஒரு துண்டைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து அவள் வாயருகே நீட்டினான்.

"ராத்திரி பூரா ஆயிரம் சர்க்யூட் போர்டு பாத்துட்டு வர்ற. வீட்டுக்கு வந்தா இங்கேயும் ஒரு போர்டு. உன் தலையெழுத்து."

"அங்க யாரும் ஊட்டி விடுறதில்ல."

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். "இதோ, அதே சிவப்பு வயர்தான் கழண்டு தொங்குது."

"தினமும் அதே இடம் எப்படி விடும்? பதினாறு வருஷமா ஒட்டுற கை. பேக்டரியில இப்படி ஒட்டினா சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?"

"பேக்டரியில பிஸ்கட் டின்லயா ஒட்டுறோம்?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

ஈயம் உருகிப் புகைந்தது. லிப்ட் மறுபடி கெட்டுப்போனது, அவளுடைய முழங்கால் வலி, கடை முதலாளியின் புதுக் கார் என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஒரு மாதத்துக்கு முன்வரை இந்த நேரத்தில் அவன் வாசலில் நின்றபடியே சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, "ரோட்டுல ஜேம் ஆயிடும்" என்று ஓடிவிடுவான். பெட்டி வந்த பிறகுதான் இந்த மேசையும் இரண்டு நாற்காலியும்.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் இது எங்க இருக்கும்?"

"அங்கேயே கண்ணாடி அலமாரியில வெச்சிருப்பாங்களாம்."

"அப்ப காலையில?"

"காலையில என்ன?"

"ஒண்ணுமில்ல. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

மூடியைத் திறந்தாள். நீல விளக்குகள் ஓடி வட்டம் போட்டன. 'பீப்' என்றது. அவன் மூடியை மூடினான்.

"இன்னொரு தடவை திறங்க," என்றாள். திறந்தான்.

எட்டு மணிக்கு அவன் சட்டை மாற்ற அறைக்குள் போனபோது, கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஹேமநாதன் படியேறி உள்ளே வந்தான். ரூபேந்திரனோடு அதே கடையில் வேலை, அதே படத்தின் ரசிகன்.

"அண்ணி, அண்ணே ரெடியா?"

"இதோ வர்றாரு தம்பி. பெட்டி நேத்து சாயங்காலத்துல இருந்து எரியலையாம். இப்பத்தான் சரி பண்ணினேன்."

ஹேமநாதன் சிரித்தான். "யாரு சொன்னா? அண்ணே தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ எடுத்து எங்க குரூப்ல போடுறாரே. நீங்க பாத்ததில்லையா?"

போனை நீட்டினான். நேற்று இரவு எட்டு ஆறுக்கு எடுத்தது. பன்னிரண்டு நீல விளக்குகளும் எரிந்தன. சத்தமும் வந்தது. அதற்கு மேலே முந்தாநாள் எடுத்தது, அதற்கு மேலே அதற்கும் முந்தைய நாள்.

"பின்மூடியைத் திறந்து உள்ளேயும் காட்டுறாரு பாருங்க. என்னா சுத்தமா ஒட்டியிருக்காரு!"

யோகேஸ்வரி போனைக் கண்ணருகே கொண்டுவந்தாள். நேற்றுக் காலை கணவன் வேலைக்குப் போனதும் அவள் தன் கையாலேயே பிடுங்கிவிட்ட சிவப்பு வயரை, நேற்று இரவே அவன் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தான். பிறகு, இன்று அவள் வந்து சேரும் நேரத்துக்குள், அவனே அதை மறுபடியும் பிடுங்கி வைத்திருந்தான்.