நூற்று நாற்பத்தெட்டு

மராத்தி பேசும் ஊரான பிம்ப்ரியில் ஓர் ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை நடக்கும். தலையைப் பிடித்துக்கொள்வதும் இதயத் துடிப்பைக் குறிப்பதும் நர்ஸ் எமல்டாவின் வேலை.

ஒரு புதன், அவசரத்தில், எல்லாத் தாள்களிலும் வழக்கமான துடிப்பாக 148 என்று முன்னதாகவே எழுதிவைத்தாள். பரிசோதனையில் நான்காம் தொட்டில் குழந்தையின் துடிப்பு அறுபதுக்கு இறங்கியது. தாளை அவள் திருத்தவில்லை. குழந்தை மறுநாள் இறந்தது.

"கண்ணு பாக்கும்போது நல்லாத்தானே இருந்தான், சிஸ்டர்?" என்று குழந்தையின் தமிழ்க்கார அம்மா கேட்டாள்.

"நல்லாத்தாம்மா இருந்தான்."

அதன்பிறகு எமல்டா பிடிக்கும் குழந்தைகள் எவ்வளவு வீறிட்டாலும் மானிட்டரில் 148 அசைவதில்லை. ராசியான கை என்று டாக்டர் மராத்தியில் பாராட்டுகிறார்.

இந்தப் புதன், காலியாகக் கிடந்த நான்காம் தொட்டிலின் விரிப்பை நீவிவிட்டாள். வயர் எதுவும் மாட்டாத மானிட்டரில் 148 வந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்தும் அவள் கையை எடுக்கவில்லை.