யார் பெயர் முதலில்?

"புயல்! ஆனா எனக்கு மேகம்தான் தெரியுது!" என்று கத்தியது கேமரா செயற்கைக்கோள்.

கூடவே பறந்த அயல்நாட்டு ரேடார் செயற்கைக்கோள் துள்ளியது. "எனக்கு மேகத்துக்கு அடியிலேயும் தெரியுதே! ஊருக்குள்ள ஆறு! போன வாரம் நீ எடுத்த படத்தைக் கொடு. சேர்த்துப் பார்த்தா எந்தத் தெருவுக்குப் படகு போகணும்னு சொல்லிடலாம்!"

"இந்தா! படத்துல யார் பேர் முதல்ல?"

"வெள்ளத்தைப் பார்த்தது நான்!"

"தெருவைக் காட்டுறது நான்!"

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சம்பந்திகளைப் போல இரண்டும் மல்லுக்கு நின்றன. கடைசியில் அகரவரிசை என்று முடிவாகி, "அனுப்பு, அனுப்பு!" என்று குதூகலமாகக் குனிந்தன.

கீழே நடுக்கடல். படத்தை வாங்கவேண்டிய தரை ஆன்டெனா எப்போதோ பின்னால் மறைந்துவிட்டது. மறுபடி அதன் மேல் வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அங்கே வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் படகுக்காரர்கள் "எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள்.