இடது புருவத்துக்கு மேலே

காணாமல் போன பெண்ணின் அப்பா சுவரொட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் பூதம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முழுப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஒரு படத்தைத் திறந்தால், ஒற்றைக் கண் திரை முழுக்க வரும்வரை பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டாள். கூட்டாளிகளுக்கு அவ்வளவு நீளமாகக் கூப்பிடப் பொறுமையில்லை. பூதமாகிவிட்டாள்.

வடிவமைப்புக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் நான்கு பேர். ஒரு தையல் கடையின் மாடியில் அறை பிடித்து, ஸ்டூடியோ என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். ஊரில் நல்ல காரியம் செய்கிற சங்கங்களுக்கெல்லாம் அழகாக வேலை செய்து கொடுப்பதென்று தீர்மானம். அழகு என்ன சோப்பு டப்பாவுக்கும் செருப்புக் கடைக்கும் மட்டும்தான் சொந்தமா என்று வாய் கிழியப் பேசினார்கள். பேசியதில் தப்பில்லை. சங்கங்கள்தான் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் படியேறி வந்தது, காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களின் சங்கம்.

அதுவரை அவர்கள் ஒட்டியிருந்த சுவரொட்டிகளைப் பார்த்து நால்வருக்கும் ஐயோ என்றிருந்தது. மங்கிப்போன படம், நெருக்கியடித்த எழுத்து, மேலே ஒரு சிவப்புப் பட்டை. இதையெல்லாம் யார் நின்று படிப்பார்கள்?

ஆகவே உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்ற சண்டையில் ஒருவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனான். கடைசியில் வந்த சுவரொட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு நன்றாக இருந்தது.

சாயங்காலம் அது அச்சுக்குப் போகவேண்டும். வீட்டாரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று சங்கத்தின் செயலாளர் சொல்லியிருந்தார். அதனால்தான் அப்பா வந்திருந்தார். மற்ற மூன்று பேரும் காகிதம் பார்க்க அச்சகத்துக்குப் போயிருந்தார்கள். கீழே தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

அவருடைய விரல் படத்தின்மேல் மெல்ல நகர்ந்தது. மகளின் இடது புருவத்துக்கு மேலே போய் நின்றது.

பூதத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அங்கே ஒரு தழும்பு இருந்தது. பழக்கதோஷத்தில் அவள்தான் அதை அழித்திருந்தாள். யார் படம் கையில் வந்தாலும் முகத்தைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை. கன்னத்தில் விழுந்திருந்த வெளிச்சப் புள்ளி, பழைய படத்தின் கறை, இவற்றோடு சேர்ந்து தழும்பும் போய்விட்டது.

கொடுமை என்னவென்றால், படத்துக்கு நேர் கீழே ‘அடையாளம்: இடது புருவத்துக்கு மேலே நீளமான தழும்பு’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. நான்கு மேதைகளும் அந்த வரியின் உயரத்தை அளந்தார்கள், நிறத்தை மாற்றினார்கள், இப்படியும் அப்படியும் நகர்த்தினார்கள். ஒருத்தர்கூடப் படிக்கவில்லை.

இந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடுகிறவர், பேருந்தில் பக்கத்து இருக்கையிலேயே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாலும், இவளில்லை என்று இறங்கிப் போய்விடுவார். தேடுவதற்கென்று செய்த சுவரொட்டியே அவளை ஒளித்து வைத்துவிடும்.

“சார், தப்பு என்னோடதுதான். இப்பவே அந்தத் தழும்பைத் திரும்பக் கொண்டுவந்துடறேன்.”

அவர் கோபப்படவில்லை. “பதறாதேம்மா. அந்த அடி படறதுக்கு முந்தி இப்படித்தான் இருந்தா.”

பூதம் பழைய படத்தைத் திறந்தாள். ஏதாவது பேசவேண்டுமே என்று, எங்கேயாவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

“விழல” என்றார்.

தழும்பில்லாத அந்தத் தாளைத் தானே எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். முகத்தில் மடிப்பு விழுந்துவிடக் கூடாதென்று மடக்காமல் பதமாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

பூதம் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அவளைப் பெற்ற அப்பா அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. இந்த மனிதரோ, அழிந்துபோன ஒரு தழும்பின் இடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒரு அப்பாவை விட்டுவிட்டுப் போக எப்படித்தான் மனசு வந்ததோ என்று நேரில் பார்த்திராத அந்தப் பெண்மேல் பொறாமையாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

தழும்பு திரும்ப வந்தது. அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். பிறகு கண்ணைக் கீழே இறக்கி, கடைசி வரியை உதடு அசையப் படித்தார்.

‘எங்கிருந்தாலும் வீட்டுக்கு வரவும். அம்மாவும் அப்பாவும் காத்திருக்கிறோம்.’

“இதுல அப்பாவை எடுத்துடும்மா.”

அம்மா என்று மட்டும் இருந்தால் பிள்ளை மனது சீக்கிரம் இளகும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. பூதம் மறுபேச்சில்லாமல் ‘அம்மா காத்திருக்கிறார்’ என்று மாற்றினாள்.

அதன் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும் என்றார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் அடித்துக்கொண்டே வந்தாள்.

‘அப்பா இப்போது அந்த வீட்டில் இல்லை. இனி இருக்கவும் மாட்டார்.’

பூதத்தின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அவளால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்மா” என்றார் அவர். “அதைப் படிச்சாத்தான் அவ வருவா.”