அரைப் பேர்

"லேபர் ஆக்கள்தானே சார். கொஞ்ச நேரம் நின்னா செத்தா போயிடுவாங்க?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மனேஜர் நிரஞ்சன் கொழும்புக்குப் பேசிக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போன லோஜினியின் காதில் அது தற்செயலாக விழுந்தது.

கோப்பையைக் கழுவாமலே மேசைக்குத் திரும்பினாள்.

ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசோடு ஒரு போன் இருக்கும். கிலோவை அது உடனே இங்கே அனுப்பும். எங்கே அனுப்புவது என்று அந்தப் போன்களுக்கு வழி சொல்வதுதான் நேம் சேர்வர். பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் வேலை லோஜினிக்கு. அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

நிரஞ்சன் வெளியே வந்தார்.

"முடிஞ்சுதா?"

"புதுசு ஓடுது சார். பழசும் நாளைக்கு வரைக்கும் ஓடட்டும். நிறைய போன் இன்னும் பழசுகிட்டதான் வழி கேக்குது."

"கேட்டா?"

"புதுச எல்லாரும் தெரிஞ்சுக்கிற வரைக்கும் பழசும் பதில் சொல்லணும் சார். அப்பதான் எதுவும் நிக்காது."

"பகல் சாப்பாட்டுக்கு முந்தி மூடிடுவோம்னு கொழும்புக்குச் சொல்லிட்டேன். மூடு."

"இப்ப பகல் நிறுவை சார். கிலோ ஏறலைன்னா அரைப் பேர்தான் போடுவாங்க."

"அதென்ன அரைப் பேர்?"

"ஒரு நாள் சம்பளத்தத்தான் சார் தோட்டத்துல பேருன்னு சொல்றது. கிலோ இருந்தா முழுப் பேர். இல்லாட்டி அரைப் பேர், பாதிச் சம்பளம்."

"மாசக் கடைசியில நமக்குக் கிடைக்கிறதும் அதுதான் சார்" என்றான் பக்கத்து மேசை சப்ராஸ்.

நிரஞ்சன் சிரிக்கவில்லை.

"நான் கொழும்பில பிறந்து வளந்தவன். இந்த லயத்து வீட்டுப் பாஷை எல்லாம் எனக்கு விளங்காது. உங்க தோட்டத்து ஆக்களுக்கு இதுதான் வியாதி. பழசு எதையும் விட மாட்டீங்க. மூடு."

லோஜினி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் மூட மாட்டேன் சார்." அவரைப் பார்க்காமல், கீபோர்டைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப நாளைக்கு வராத. எழும்பு."

எழும்பினாள். அவர் நின்றபடியே குனிந்து தட்டினார். கழுத்தில் தொங்கிய 'எம். நிரஞ்சன்' என்ற அட்டை கீபோர்டில் இடித்தது. பழைய சேர்வர் நின்றது.

"பாத்தியா? மலை ஒண்ணும் இடிஞ்சு விழல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லோஜினி சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். தண்ணீர்ப் போத்தலை வைத்தாள். குடையை எடுக்கும்போது அலுவலகப் போன் அடித்தது. றிசீவர் உடைந்ததிலிருந்து அதில் எல்லாமே ஸ்பீக்கரில்தான்.

"ஹலோ, ஹட்டன் ஆபீஸுங்களா? தராசுல ஒட்டியிருக்கிற நம்பருக்குத்தான் எடுத்தேன்."

"சொல்லுங்கம்மா."

"லிந்துலைப் பக்கமிருந்து பேசுறேன். தராசு கிலோ காட்டுது, போன்ல ஏற மாட்டேங்குது. போன்ல இல்லாத கொழுந்து எனக்குக் கொழுந்தே இல்லைங்கிறாரு கணக்கப்பிள்ளை. லொறியும் வந்துருச்சு. ஏத்திட்டா அப்புறம் நிறுக்க ஏலாதும்மா."

லோஜினி கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள்.

"இவளுக எல்லாம் என்னயத்தான் பேசச் சொல்றாளுக. எம்மவன் ஒங்க ஆபீஸ்லதான் பெரிய வேலை பாக்குறான். ஆபீசுக்குப் போன் எடுக்காதன்னு சொல்லியிருக்கான். அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஏச மாட்டான்."

"மகன் பேர் என்னம்மா?"

"மாயாண்டி."

சப்ராஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி யாரும் இங்க இல்லியேம்மா."

"இருக்கான் தம்பி. அழகம்மா மகன் மாயாண்டின்னு கேளுங்க."

உள்ளே கதிரை இழுபடும் சத்தம். நிரஞ்சன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"றோங் நம்பர். கட் பண்ணு."

லோஜினியின் கை போனுக்குப் போகவில்லை. ஸ்பீக்கரில், பின்னால் பெண்கள் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிப்பது மட்டும் கேட்டது.

"மாயாண்டி? நீதானாப்பா?"

சப்ராஸ் திரும்பிப் பார்த்தான். சிரிப்பை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்காக இல்லப்பா. எனக்கு அரைப் பேரே போதும். இந்தப் புள்ளைக காலையில இருந்து மழையில நின்னு பறிச்சிருக்குக."

நிரஞ்சன் லோஜினியின் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு தரம் பிழையாகத் தட்டி, அழித்து, மூன்றாம் தரம் பழைய சேர்வரை ஓட விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் சண்டை நின்றது. "ஏறுது, ஏறுது, லொறிய நிறுத்துங்க" என்றது ஒரு குரல். "அழகம்மாக்கா, ஒங்களுக்கும் முழுப் பேரு" என்றது இன்னொரு குரல்.

"மாயாண்டி, லைன்ல இருக்கியாப்பா?"

லோஜினி குடையைக் கீழே வைத்துவிட்டு, போனை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

நிரஞ்சன் அதன்மேல் குனிந்தார்.

"இருக்கேம்மா" என்றார்.