காற்றுப் பட்ட தண்ணீர்

களனி ஆற்றங்கரைவாசிகள் மண் வெட்டுவதால்தான் ஆறு கலங்குகிறது என்று ஆய்வுகூட அதிகாரி ரொஷேல் முன்பே முடிவு கட்டியிருந்தாள். அந்தக் குடிசைகளைக் கண்டாலே அவளுக்கு இளக்காரம்.

“நாங்க வெட்டல்ல மிஸ். நிலத்துக்குக் கீழ ஊறுற தண்ணியில இரும்பு இரிக்கி. வாற நேரம் தெளிவு, காத்துப் பட்டாத்தான் செவந்து கலங்கும்,” என்றார் அங்கு குடியிருக்கும் இப்றாஹிம்.

“எனக்கே படிப்பிக்கிறீங்களா?”

ஊற்று நீரைப் போத்தலில் கொண்டுபோய் வடிகட்டினாள். தெளிந்த நீர் மறுபடி சிவந்தது. பதினொரு முறை வடித்தும் ஒவ்வொரு முறையும் குறையாமல் அதே எடை வண்டல். தராசு பழுது என்று உதட்டைச் சுழித்தாள்.

குடிசைகளை அகற்றும்படி அறிக்கை எழுதி, கையெழுத்திடும் பக்கத்தைப் புரட்ட விரலை நாக்கில் தொட்டாள். தாளில் பதிந்த எச்சில் ஈரம் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு, காற்றுப் பட்டு, மெல்லச் சிவக்கத் தொடங்கியது.