சில்லென்று இருந்தால் போதும்

செஞ்சி கடைத்தெருவில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் வெங்கடரமணன், பாதி ஷட்டர் இறக்கிய கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. புதுச்சேரி லேபிலிருந்து ஒரு பெண்.

"சார், சதையை ஃப்ரீசர்ல வச்சீங்களா?"

"ஆமாம்மா, ராத்திரி பூரா. கரண்ட் போனப்பகூட ஜெனரேட்டர் போட்டுட்டேன்," என்றார். குரலில் பெருமைதான்.



மகன் இளமாறனுக்கு நாலு வயது. கால்கள் சூம்பிக்கொண்டே வந்தன. என்ன நோய் என்று ரத்தப் பரிசோதனையில் பிடிபடவில்லை. டாக்டர் தொடையில் ஒரு துணுக்கை எடுத்து டப்பாவில் போட்டு, ஐஸ்மேல் வைத்து உடனே கொண்டுபோங்க, சில்லென்று இருந்தால் போதும் என்றுதான் கொடுத்தார்.

நோயின் பெயர் தெரிந்தால்தான், மனைவி மதுமதியின் வயிற்றில் இருப்பதற்கும் அது வருமா என்று சொல்ல முடியும்.

அன்றைக்கு அவரால் கிளம்ப முடியவில்லை. மறுநாள் காலையில்தான் மச்சானிடம் கொடுத்தனுப்பினார். அதுவரை கெட்டுவிடக் கூடாதே! ஐஸே நல்லதென்றால் ஃப்ரீசர் இன்னும் நல்லதாயிற்றே. கப் ஐஸையெல்லாம் வெளியே அள்ளிப் போட்டுவிட்டு டப்பாவை நடுவில் வைத்தார். அவ்வளவும் உருகி ஓடியது. போனால் போகட்டும் என்று விட்டார்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். லேபில் ஒரே நொடியில் உறையவைத்துத்தான் சீவுவார்களாம். மெதுவாக உறைந்தால் ஐஸ் ஊசி ஊசியாக வளர்ந்து சதையைக் கிழித்துவிடுமாம். சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எங்கே பார்த்தாலும் ஓட்டை. ஒன்றும் தெரியவில்லையாம்.

அட பாவி மனுஷா! பொத்திப் பொத்தி வைத்தே கெடுத்துவிட்டார்.

"பரவால்ல சார். பையனைக் கூட்டிட்டு வாங்க, இன்னொரு துண்டு எடுத்துக்கலாம்."

"சரிம்மா," என்று வைத்துவிட்டார்.

மதுமதி குனிந்து உள்ளே வந்தாள்.

"இன்னா சொன்னாங்க? பாப்பாவுக்கு வராதுன்னாங்களா?"

"இன்னும் பாக்கலையாம்," என்றார்.

டாக்டர் அந்தத் துணுக்கை எடுத்ததே இளமாறனின் மூச்சு நின்ற பிறகுதான். அன்று சாயங்காலமே ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.