ஏழாவது திருத்தம்

"நன்றியுரையில 'நன்றி'ங்கிற வார்த்தை ரொம்ப ஜாஸ்தியா வருதும்மா. குறைச்சுட்டு வா" என்று சொல்லி, ஆய்வேட்டை ஏழாவது முறையாகத் திருப்பிக் கொடுத்தார் பேராசிரியர்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் முந்நூறு பக்கத்தையும் அவர் தலையிலேயே போட்டிருப்பாள். ஆறு வருஷம் தவளைச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஆராய்ச்சி செய்தவளாச்சே, பொறுமை உண்டு. போடவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் கைக்கு வந்த வேலை போய்விடும்.

நேராக சர்வர் ரூமுக்குப் போனாள். அங்கே இருக்கும் அட்மினுக்குப் பெயரே பூட்டு சார். எதைக் கேட்டாலும் முதல் பதில் 'முடியாது'தான்.

"மனுஷனா சார் அவர்? போன தடவை பக்க எண் பொடிசா இருக்குன்னார். இப்ப நன்றி ஜாஸ்தியாம்! என் வாழ்க்கையோட விளையாடறார் சார்."

பூட்டு சார் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"நீ சேர்ந்த புதுசுல, தவளைச் சத்தத்தை அலசற மென்பொருளையெல்லாம் சர்வர்ல போட்டுக் குடுங்கன்னு வந்து நின்னியே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? சர்வர்ல எல்லாருக்கும் பொதுவான இடத்துல கை வைக்க விடமாட்டேன், வேணும்னா உன் ஃபோல்டருக்குள்ள போட்டுக்கோன்னு துரத்தினீங்க. மூணு மாசம் நாய் படாத பாடு பட்டேன். ஒண்ணைப் போட்டா அது இன்னொண்ணைக் கேட்கும். அதுக்குப் பழைய பதிப்புதான் ஆகும், இதுக்குப் புதுசுதான் ஆகும். பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திங்க மாதிரி! ஒவ்வொண்ணுக்கும் தனி ரூம், தனிச் சமையல்னு பிரிச்சு வெச்சப்புறம்தான் ஓடிச்சு."

"மத்தவங்களும் அப்படித்தானே அவங்கவங்க ஃபோல்டர்ல போட்டிருக்கணும்? ஒருத்தரும் போடல. எல்லாரும் நைசா உன் ஃபோல்டர்லேர்ந்தே ஓட்டிக்கிட்டு இருக்காங்க. இங்க பாரு."

திரையில் பத்தொன்பது பேர். முதல் பெயர் பேராசிரியருடையது.

"நீ பட்டம் வாங்கிட்டா உன் கணக்கை அழிச்சிடணும், அதான் விதி. ஃபோல்டரும் போயிடும். அப்புறம் எந்தத் தவளை கத்தினாலும் இவங்களுக்கு ஒண்ணும் புரியாது. இப்ப புரியுதா, உன் நன்றி ஏன் ஜாஸ்தியாச்சுன்னு?"

"அடப்பாவி!" அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "தன் வேலை நடக்கணும்னு இன்னொருத்தர் வாழ்க்கையை நிறுத்தி வைப்பாங்களா? சே, இவரெல்லாம் ஒரு பெரிய மனுஷன்!"

அங்கேயே உட்கார்ந்தாள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஒன்று விடாமல் ஒரே பட்டியலாக எழுதினாள். ஒரு கமாண்ட் அடித்தால் போதும். அரை மணி நேரத்தில் எல்லாம் அவரவர் ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பத்தொன்பது பேருக்கும் அனுப்பினாள்.

மறுநாள் காலையில் பேராசிரியர் பேனாவும் கையுமாக வாசலிலேயே நின்றார்.

"நன்றி சொல்றதுல என்னம்மா கஞ்சத்தனம்? இருந்துட்டுப் போகட்டும்!" சரசரவென்று கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி முடிப்பதற்குள் பூட்டு சாரிடமிருந்து போன்.

"உன் பட்டியல்ல ஒண்ணு மட்டும் உதைக்குதும்மா. மழைச் சத்தத்தை வடிகட்டற மென்பொருள். அது உன் ஃபோல்டர்லயே இல்லையே? எட்டு வருஷமா இருக்காரே உங்க சீனியர், அவர் ஃபோல்டர்லேர்ந்துல்ல எடுத்துக்கிட்டு இருக்கே! உன் வைவாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள அவர் பட்டம் வாங்கிட்டுக் கிளம்பிட்டா என்ன பண்ணுவே?"

"கவலையே படாதீங்க சார்" என்றாள் அவள். "அண்ணனோட ஆய்வேட்டுக்குப் பிழை பார்க்கறதே நான்தான். அது இப்போதைக்கு முடியாது."